எலும்பு, சதை, கலாமணி

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மூலையிலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் எனக்கு மூக்கு நுனி அரிக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அரிக்காத மூக்கு. மூச்சு விடலாம், பேசக் கூடாது, கையைக் காலை ஆட்டக் கூடாது, கொஞ்ச நேரந்தான் அம்மா என்றாள். இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி என் பாதங்களை உள்பக்கமாகத் திருப்பி ஒரு பட்டையைப் போட்டுக் கட்டியிருக்கிறாள். முதுகுப் பக்கம் நாடா வைத்த பச்சை அங்கி. தோடு, வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வெளியே என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. கொடியைக் கழற்றியபோது மட்டும் அவர், "அதுவுமா?" என்று கேட்டார். எல்லாந்தான் சார் என்றாள் அந்தப் பெண். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டு நின்றார், நெஞ்சு வலிக்காரர் மாதிரி. என் தலைக்கு மேலே ஒரு நீளமான கை, மரம் அறுக்கிற மில்லில் இருப்பது போல, ஆனால் வெள்ளை நிறத்தில், உறுமிக்கொண்டு மெல்ல நகர்கிறது. அது என்னைப் பார்த்துக்கொண்டு போகிறது. எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எந்தக் கையில், எந்தத் தொடையில் என்று பிரித்துச் சொல்லிவிடுமாம். நானும் அப்படித்தான் பார்ப்பேன், இருபத்தைந்து வருசமாக, பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைமேல் ஒவ்வொரு பீஸாக விரித்துப் போட்டு, மார்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு, தோள் இவ்வளவு, அரை இஞ்ச் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போனால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். எங்கேயோ பனி பெய்கிற ஊரில் இருக்கிற பெரிய மார்புக்காரன் ஒருவனுக்காகத் திருப்பூரில் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவனை ஒரு நாளும் பார்த்ததில்லை. என் மேல் ஒருத்தரும் டேப் வைத்ததில்லை, ஜாக்கெட் தைக்கிறவளைத் தவிர. மூக்கு அரிக்கிறது. அதை நினைக்காதே. வேறு எதையாவது நினை. சரிங்க என்று சொன்னதை நினை. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று படுத்தேன், அதுதான் முதலில் வந்து நிற்கிறது. "ஒரு படம் எடுத்துப் பாத்தரலாம் புள்ள. எலும்பு போன வருசத்தவிட மோசமா இருந்துச்சுன்னா இந்த ஜிம்முக் கருமத்தையெல்லாம் விட்டுப்போடோணும். சரியா?" என்றார் அவர், என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே. கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன். வலி. வாய் தலையணைக்குள் இருந்தது. தலையணைக்குள்ளேயே சொன்னேன், சரிங்க.

அந்தச் சரிங்க என் மனசிலிருந்து வரவேயில்லை, வாய்க்குப் பழகிப்போன ஒன்று தானாக விழுந்தது, தூங்குகிறவர்கள் கொசுவை அடிப்பது போல. அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருசத்தில் ஒரு நாள் கை ஓங்கியதில்லை, கட்டிங் மாஸ்டராக இருந்தவரைக்கும் சம்பளக் கவரை அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். சென்னியப்பனைப் போல ஒரு மாப்பிள்ளை கிடைப்பாரா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, நல்ல மனுசன் கேட்கும்போது சரிங்க சுலபமாக வந்துவிடுகிறது. முப்பத்தாறு வயதில் எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தபோதும் ஒரு டாக்டர் வராந்தாவில் இவரை நிறுத்திவைத்துப் பேசினார். நான் உள்ளே ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டு கிடந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், கூடவே மற்றதையும் எடுத்துவிட்டால் பிற்பாடு தொந்தரவே இருக்காது என்றார் டாக்டர். சரிங்க என்றார் இவர். உள்ளே வந்து என்னிடம் சொன்னார், நானும் சரிங்க என்றேன். மற்றது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. அது என்னவென்று போன வருசந்தான் தெரிந்தது. கம்பெனி கேட்டுக்கு முன்னால் மழைச் சகதியில் வழுக்கிக் கையை ஊன்றினேன், அவ்வளவுதான், மணிக்கட்டுக்குள் காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம், என் காதுக்கு மட்டும் கேட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா, இவ்வளவு சின்னதாக விழுந்ததற்கு ஒடியக் கூடாதே என்று சொல்லி இதே மேஜைக்கு அனுப்பினார். இதே வெள்ளைக் கை. அப்புறம் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "சின்ன வயசுலயே சினைப்பையையும் எடுத்துட்டாங்களா?" எனக்கு அந்தச் சொல்லே புதுசு. அது சுரக்கிற ஒன்றுதான் எலும்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்றார். எடுத்துவிட்டதால் எலும்பு வேகமாக மெலிந்துவிட்டது, சதையும் கரைந்துவிட்டது என்றார். என் எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எடைக்குள் பாதி வெறும் கொழுப்பு, வெளியே தெரியாத கொழுப்பு, புடவைக்குள் யாருக்கும் தெரியாது. எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா கடைசிக் காலத்தில் குட்டையாகிக்கொண்டே போனாள். புடவையை இடுப்பில் ஒரு மடிப்பு கூடுதலாகச் சொருகினாள், அப்புறம் இரண்டு மடிப்பு. நாங்கள் எல்லோரும் வயசாகிவிட்டது என்றோம். யாருமே எலும்பு என்று சொல்லவில்லை. அம்மாவின் உயரம் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

இப்போது அந்தக் கை என் கழுத்தைத் தாண்டித் தோளுக்கு வந்துவிட்டது. தோளைப் பார், நல்லாப் பார். மெஹர் இந்தத் தோளைத் தட்டித்தான் சொன்னாள், "அக்கா, இது என்ன தெரியுமா? இது நீங்களே செஞ்சது." மெஹருன்னிசா என்பது முழுப் பேர். பேக்கரிக்கு மேல் மாடியில் ஜிம் வைத்திருக்கிறாள், பளு தூக்கும் போட்டிகளுக்கெல்லாம் போனவள், இரண்டு பிள்ளைக்காரி. மாத்திரையோடு எடை தூக்குகிற பயிற்சியும் வேண்டும், எலும்பு பாரம் கேட்கும், பாரம் கொடுக்காவிட்டால் சோம்பிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னதும் நான் நேரே போய்விடவில்லை. மூன்று முறை பேக்கரி வாசல் வரைக்கும் போய் பப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நாலாவது முறை பப்ஸ்காரனே மாடிப்படியைக் காட்டினான். கல்யாணத்துக்கு அப்புறம் புடவையைத் தவிர எதையும் கட்டாதவள், எங்கள் கம்பெனி ரிஜெக்ட் பனியனையும் டிராக் பேண்டையும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அந்தப் பனியனில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியதே நான்தான். கழுத்துப் பட்டி கொஞ்சம் கோணல். ஐரோப்பாக்காரனுக்கு ஆகாது, எனக்கு ஆகும். முதல் நாள் வெறும் கம்பி. அதைத் தூக்கவே திணறினேன். ஒடிந்த மணிக்கட்டு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது, நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று. பக்கத்தில் பெரிய பெரிய ஆம்பளைகள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை, அதுவே பெரிய விடுதலையாக இருந்தது. தரையில் கிடக்கிற பாரத்தைப் பிடித்து எழுந்து நிற்பதற்கு டெட்லிஃப்ட் என்று பேராம். டெட் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை, தரைத்தூக்கு என்றுதான் நான் சொல்வேன், இப்போது மெஹரும் அப்படித்தான் சொல்கிறாள். "தரைத்தூக்குக்கு வாங்கக்கா. குதிகால ஊனுங்க. தரையத் தள்ளுங்க, கம்பிய இழுக்காதீங்க." தரையைத் தள்ளுவதா? எப்படித் தள்ளுவது? ஒரு நாள் புரிந்தது. பாதத்துக்குக் கீழே பூமி கொஞ்சம் விலகிக்கொடுத்தது மாதிரி இருந்தது, கம்பி முட்டியைத் தாண்டித் தொடைக்கு வந்தது, நான் நிமிர்ந்து நின்றேன். கையில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்துக்கு மேல் பாரம். நின்றேன். அப்போது எனக்கு அழுகை வந்தது, அதை மெஹரிடம் வியர்வை என்று சொன்னேன். பிரசவத்தில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அங்கே உடம்பு என்னை இழுத்துக்கொண்டு போனது. இங்கே நான் சொன்னேன், உடம்பு கேட்டது.

இடுப்புக்கு வருகிறது. இங்கேதான் மெல்லப் போகிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறதா. இந்த இடத்தில்தான் அவர்கள் அந்த மற்றதை எடுத்தார்கள். ஏ வெள்ளைக் கையே, அங்கே ஒன்றும் இருக்காது, நீ பார்க்க வந்தது அதற்குப் பின்னால் இருக்கிற எலும்பைத்தானே, அதைப் பார்த்துவிட்டுப் போ. முதுகில் இன்னும் ஒரு இடத்தில் பிடிப்பு இருக்கிறது. பிடிப்பு வந்ததற்கு முந்தின நாள் ஜிம்மில் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் கட்டிலுக்குக் கீழே உருண்டுபோன தைல டப்பாவை எடுக்கக் குனிந்தேன், அப்படியே பிடித்துக்கொண்டது. பாரம் தூக்கியபோது பிடிக்காதது வெறும் டப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. இதை இவரிடம் எத்தனை முறை சொன்னாலும் இவர் ஜிம் என்றுதான் சொல்கிறார். நங்கை வேறு, இவருடைய அக்கா, போன தையில் நடந்த கல்யாணத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் முழங்கைக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். முருங்கைக்காய் முற்றலா என்று பார்ப்பது மாதிரி. "என்ன கலாமணி, ஆம்பளையாட்டமா ஆயிட்டே. தம்பிக்குச் சாப்பாட்டப் போடறியா, இல்ல நீயே தின்னுபோடறியா?" பந்தி முழுக்கச் சிரித்தது. இவர் எதிர் வரிசையில் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் ஜாக்கெட் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இழுத்துவிட்டிருக்கக் கூடாது. இதைப் பாருங்க நங்கை என்று மடக்கிக் காட்டியிருக்க வேண்டும், இது கொழுப்பில்லீங்க, உங்க தம்பி சாப்பாடும் இல்லீங்க, இது என்னோடது என்று. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு எடைக் கருவி வாங்கி வந்தாள், கண்ணாடித் தட்டு மாதிரி இருக்கும், வெறுங்காலோடு ஏறி நின்றால் போனில் எல்லாம் வரும். உடம்பு வயசு என்று ஒன்று காட்டும். முதல் நாள் எனக்கு அறுபத்தொன்று காட்டியது, நான் ஐம்பத்துமூன்று வயதுக்காரி. அப்புறம் அது இறங்கியது, ஏறியது, ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று, குடிக்காமல் ஏறினால் ஒன்று. தினமும் காலையில் அதில் ஏறி நின்று, அது சொல்கிறதைப் பொறுத்து அன்றைக்கு முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது ஒரு நாள் எனக்கே உறைத்தது. ஒரு கண்ணாடித் தட்டுக்கும் சரிங்க. அப்புறம் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மாதம் ஒருமுறைதான் எடுத்தேன்.

தொடைக்குப் போய்விட்டது. இந்தத் தொடையில் சதை கூடியிருக்கும், அது எனக்கே தெரியும், படி ஏறும்போது தெரிகிறது. ஆனால் எலும்பு? எலும்பை உள்ளே போய் நானா பார்க்க முடியும்? மோசமாக இருந்தால்? இருக்கலாம். ஒரு வருசத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடாது, மேலே போவது கஷ்டம், கீழே போகாமல் நிறுத்தினாலே பெரிது என்று டாக்டரம்மா அப்போதே சொன்னார். கீழேயும் போயிருக்கலாம். போயிருந்தால் என்ன ஆகும்? நாளைக்குக் காலையில் நான் எழுந்திருப்பேன், கம்பெனிக்கு முன்னால் போக ஜிம் இருக்காது, இவர் நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், நான் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு நிற்பேன். கீழே விழாமல் பத்திரமாக இரு என்பார்கள். மகளும் போனில் அதையேதான் சொல்வாள். பனியனை மடித்துப் பாலித்தீன் பையில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்தால் அது கிழியாது, ஆனால் அதை யாரும் போட்டுக்கொள்ளவும் மாட்டார்கள். பத்திரமாக இருந்து அப்படி எதற்குக் காத்திருப்பது? எலும்பு மெலிந்துவிட்டது என்பதால்தானே தூக்கப் போனேன். இன்னும் மெலிந்திருந்தால் இன்னும் அதிகமாகத்தானே அது வேண்டும், அல்லது வேறு மாதிரி வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. விடுவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. இதை ஏன் அன்றைக்குத் தலையணைக்குள் யோசிக்கவில்லை. வலி இருந்தது, அவர் கை சூடாக இருந்தது, யோசிக்கவில்லை. இந்த மிஷின் எண் சொல்லும், சொல்லட்டும். நான் ஒரு நாளைக்கு நூறு பீஸுக்கு எண் சொல்கிறவள். மேஜைமேல் கிடக்கிற பனியன் எழுந்து பேசுவதில்லை என்பதால் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறேன். நான் பனியன் இல்லை. எழுந்து பேசுவேன். மூக்கு அரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. கை பாதத்தைத் தாண்டிப் போய் நின்றது, உறுமல் நின்றது, காது அடைத்தது போலாயிற்று. "முடிஞ்சதும்மா. மெதுவா எந்திரிங்க, தலை சுத்தும்" என்று அந்தப் பெண் என் தோளைப் பிடித்துத் தூக்க வந்தாள். வேண்டாம் கண்ணு என்று சொல்லி, காலிலிருந்த பட்டையை அவள் அவிழ்த்ததும் நானே எழுந்து உட்கார்ந்தேன்.

புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பெஞ்சின் ஓரத்தில், நான் விட்டுப்போன அதே மாதிரி, சட்டைப் பைமேல் கையோடு உட்கார்ந்திருந்தார். கொடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன், தோட்டையும் வளையலையும் போட்டேன். "என்ன சொன்னாங்க?" என்றார். "ரிப்போர்ட் வந்தப்புறம் டாக்டரம்மா சொல்லுவாங்க. அது வர்றதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்கு நான் சரின்னு சொன்னது செல்லாதுங்க. எலும்பு என்ன ஆயிருந்தாலும் நான் ஜிம்முக்குப் போவேன். தூக்கறது எப்படீன்னு வேணா டாக்டரம்மாகிட்டக் கேட்டுக்கறேன். விடறதான்னு கேக்கமாட்டேன்." பக்கத்துப் பெஞ்சில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தாழ்ந்த குரலில், "ஏம்புள்ள, வாக்குக் குடுத்துட்டு இப்பிடி மாத்திப் பேசறயே" என்றார். "யோசிக்காமக் குடுத்ததுங்க. இப்பத்தான் படுத்துக்கிட்டு யோசிச்சேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் காது சிவக்கும், கத்தமாட்டார். "உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா?" என்றார்.  அதற்குள் பேர் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் எலும்புக்கூடு அங்கே நின்றது, பாதங்கள் உள்ளே திரும்பி, வெட்கப்படுகிறவள் போல. பக்கத்தில் இன்னொரு நான், மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக. "தொடையிலயும் கையிலயும் தசை நல்லா ஏறியிருக்கு, ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். கொழுப்பு குறைஞ்சிருக்கு. இடுப்பு எலும்பு போன வருஷம் இருந்த மாதிரியே நிக்குது, அது நல்ல விஷயம். முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். இறங்கியிருக்கு என்றதும் திரையில் என் முதுகெலும்பைத் தேடினேன். மேஜைமேல் படுத்து எவ்வளவுதான் பேசியிருந்தாலும் தேடத்தான் செய்தேன். இவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப நிறுத்தீரச் சொல்லுங்க டாக்டர். நான் சொன்னாக் கேக்கறதில்ல" என்றார். நான் குறுக்கே பேசினேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியாள் முன்னால் நான் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "டாக்டரம்மா, நிறுத்தறதா இல்லீங்க. முதுக வெச்சுக்கிட்டு எப்படித் தூக்கோணும், எதத் தூக்கக் கூடாது, அதச் சொல்லுங்க." டாக்டரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாத்திரை போதவில்லை, ஊசி ஆரம்பிக்கலாம் என்றார். முதுகை வளைத்துக் குனிவது, குனிந்தபடி திரும்புவது, இரண்டும் எப்போதுமே கூடாது, கீழே கிடக்கிற ஒரு டப்பாவை எடுக்கக்கூடக் கூடாது என்றார். பாரத்தைக் கொஞ்ச காலத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். "எவ்வளவுங்க?" என்றேன். "பாதி." "பாதி ரொம்பங்க. கால்வாசி குறைச்சுக்கட்டுமா?" டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணுல ஒரு பங்கு. உங்க கோச்சை என்கிட்டப் பேசச் சொல்லுங்க" என்றார். அதற்கு ஒத்துக்கொண்டேன். ஊசி நாளையும் நானே கேட்டுக்கொண்டேன். அதன் பக்க விளைவு என்ன, எத்தனை காலம், நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாக்டரம்மா பதில் சொல்லச் சொல்ல, இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த யாரையோ பார்ப்பது போல.

வெளியே வந்தோம். லிஃப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர்களும் கூட்டமுமாக இருந்தது, படியில் இறங்கலாம் என்று திரும்பினோம். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "எனக்கு பயமா இருக்குது புள்ள. நீ எங்காச்சும் விழுந்து கெடந்தயின்னா, உன்னத் தூக்கற சத்து எங்கிட்ட இல்ல. ராத்திரியெல்லாம் அதுதான் நெனப்பு." முப்பது வருசத்தில் பயம் என்ற சொல்லை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பந்தியில் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகமும் இதுதான் என்று அப்போது தோன்றியது, ஆனால் அதற்காக நான் இளகிவிடப் போவதில்லை என்றும் தோன்றியது. "நான் விழுந்தா நானே எந்திரிச்சுக்குவனுங்க. அதுக்குத்தான் போறேன்" என்றேன். அவர் பக்கம் திரும்பி, "நீங்க விழுந்தாலும் தூக்கிக்குவேன்" என்றேன். அவர் காது மறுபடியும் சிவந்தது. என் கையைப் பார்த்தார், தோள் வரைக்கும் பார்த்தார். "என்னையொண்ணும் நீ தூக்க வேண்டாம்" என்று முனகிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் காலை வைத்தார். முழங்கால் தேய்ந்தவர், இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துத்தான் இறங்க முடியும். நான் அவரைத் தாண்டிப் போய் அவருக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, அவர் இறங்க இறங்க நானும் இறங்கினேன். விழுந்தால் என் மேல்தான் விழ வேண்டும்.